வாசலிலிருந்து வியாழனைப் பார்த்தல்

மாணவர்களே, ஒளியியல் பாடத்தில் குவிவு வில்லைக்கும் குழிவாடிக்கும் கதிர் வரிப்படங்களைப் பலமுறை வரைந்திருப்பீர்கள். முதலச்சுக்குச் சமாந்தரமாக வரும் கதிர் குவியத்தினூடாகச் செல்லும் என்பதை நித்திரையிலும் சொல்லக்கூடியவர்கள் பலர் உள்ளனர். ஆனால், உண்மையில் அவ்வாறு சமாந்தரமாக வரும் கதிர்களை எங்கே காணலாம் என்று கேட்டால் அவர்களிற் சிலர் தயங்குவதுண்டு. மிகத் தொலைவிலுள்ள பொருளொன்றின் ஒரு புள்ளியிலிருந்து வரும் கதிர்கள் நம்மை அடையும்போது ஏறத்தாழச் சமாந்தரமாகவே இருக்கும். எதிர்மலையிலுள்ள மரம் இதற்குப் போதிய தொலைவில் இருக்கிறது. வானத்திலுள்ள கோள் அதனிலும் எத்தனையோ கோடி மடங்கு தொலைவில் இருக்கிறது. ஆகவே கோளொன்றைத் தொலைகாட்டியால் பார்ப்பதை வில்லைப் பாடத்தின் மிகச் சிறந்த செய்முறை எனலாம்.

இக்கட்டுரையில் பதுளை மாவட்டத்தின் பூனாகலை போன்றதொரு தோட்டத்தில், லயத்து வாசலில் நின்றபடி வியாழனை அவதானிப்பது எவ்வாறு எனவும், அந்த அவதானிப்பிலிருந்து என்ன அளவீட்டைப் பெறலாம் எனவும் பார்ப்போம். இதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. இரண்டு வில்லைகள், ஒரு குழாய், ஒரு கடிகாரம், ஒரு கொப்பி ஆகியன போதும்.

வியாழனை அறிந்துகொள்ளல்

வியாழன் சூரியனிலிருந்து ஐந்தாவது கோள். அதன் மத்தியகோட்டு விட்டம் ஏறத்தாழ 143,000 கிலோமீற்றர். இது பூமியின் விட்டத்தின் 11 மடங்கிலும் சற்றுக் கூடியது. சூரியனை ஒருமுறை சுற்றிவர அதற்கு 11.86 ஆண்டுகள், அதாவது ஏறத்தாழ 12 ஆண்டுகள், செல்கின்றன. 12 இராசிகளையும் 12 ஆண்டுகளில் கடப்பதால் ஆண்டுக்கு ஒரு இராசி என்றாகிறது. உங்கள் வீட்டிலும் கோயிலிலும் பேசப்படும் குருப்பெயர்ச்சி இதுவே. குரு என்பதும் வியாழன் என்பதும் ஒரே கோளைத்தான். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மகாமகத்தின் கணக்கும் இந்தச் சுற்றுக் காலத்திலிருந்தே வந்தது. சோதிடப் பலன்கள் விஞ்ஞானப் பாடத்துக்கு உரியவையல்ல. ஆயினும், தொலைகாட்டி இல்லாத காலத்தில் வெறுங்கண்ணால் பார்த்து இக்காலத்தைக் கணித்த முன்னோரின் அவதானிப்பு மிகத் துல்லியமானது.

வானத்தில் அதனை அடையாளங் காண்பது கடினமன்று. விண்மீன்கள் மினுங்கும், கோள்கள் பெரும்பாலும் மினுங்காமல் நிலையாக ஒளிரும். மிகப் பிரகாசமான கோள் வெள்ளி. ஆனால் அது சூரியனை விட்டு அதிக தூரம் விலகாததால் மாலையில் மேற்கிலோ விடியலில் கிழக்கிலோ மட்டுமே தெரியும். எனவே நள்ளிரவை அண்டிய நேரத்தில், உச்சிக்குக் கிட்ட, மினுங்காமல் வெள்ளொளி வீசும் ஒரு பெரிய 'விண்மீனை'க் கண்டால் அது வியாழனாகவே இருக்கும். செவ்வாயும் சில ஆண்டுகளில் இவ்வாறு பிரகாசிப்பதுண்டு. அதன் செந்நிறம் அதனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சூரியனுக்கும் வியாழனுக்கும் இடையில் பூமி வரும் நாளில் வியாழன் நமக்கு மிக அண்மையிலிருக்கும். அன்று மாலையில் சூரியன் மறைய வியாழன் கிழக்கே எழும்; இரவு முழுவதும் தெரியும். இந்நிலை ஏறத்தாழ 13 மாதங்களுக்கு ஒருமுறை வரும். 2026இல் ஜனவரி 10ஆந் திகதி அமைந்த இந்நிலை, 2027இல் பெப்ரவரி மாதத்திலும் 2028இல் மார்ச் மாதத்திலும் அமைகிறது. அந்நாளுக்குப் பின்வரும் இரண்டு மூன்று மாதங்கள் பள்ளி மாணவருக்கு வசதியானவை. முன்னிரவிலேயே பார்த்து முடித்துவிட்டுப் படுக்கப் போகலாம்.

தொலைகாட்டி எவ்வாறு செயற்படுகிறது?

எளிய வானியல் தொலைகாட்டியில் இரண்டு குவிவு வில்லைகள் உண்டு. வானத்தை நோக்கியிருக்கும் வில்லை பொருள்வில்லை எனப்படும். அதன் குவியத்தூரம் பெரிது. கண்ணருகே இருப்பது பார்வைத்துண்டு. அதன் குவியத்தூரம் சிறிது. கோளிலிருந்து வரும் கதிர்கள் பொருள்வில்லையில் முறிவடைந்து அதன் குவியத் தளத்தில் சிறிய, தலைகீழான மெய்விம்பமொன்றை உண்டாக்குகின்றன. பார்வைத்துண்டு ஓர் எளிய நுணுக்குக்காட்டியைப் போல அந்த விம்பத்தைப் பெருப்பித்துக் காட்டுகிறது. பார்வைத்துண்டு நேர் விம்பத்தையே தருவதால் முதல் விம்பத்தின் தலைகீழ் நிலை மாறாமலே கண்ணுக்குத் தெரியும். கோளுக்கு மேல் கீழ் என்பது இல்லாதபடியால் இது ஒரு குறையாகாது. வரைபடத்தில் வடக்குப் பக்கம் எது என்று மட்டும் குறித்துக்கொள்க.

உருப்பெருக்கம் = பொருள்வில்லையின் குவியத்தூரம் ÷ பார்வைத்துண்டின் குவியத்தூரம்.

இதனைக் கொண்டு ஒரு தொலைகாட்டியை நீங்களே செய்துகொள்ளலாம். மூக்குக் கண்ணாடிக் கடையில் '+1' வலுவுள்ள வில்லையொன்றைக் கேட்டு வாங்குக. அதன் குவியத்தூரம் 1 மீற்றர், அதாவது 100 ச.மீ. பார்வைத்துண்டாக 5 ச.மீ. குவியத்தூரமுள்ள சிறிய கைவில்லையைப் பயன்படுத்தலாம். உருப்பெருக்கம் 100 ÷ 5 = 20 மடங்கு. இரு வில்லைகளுக்கும் இடையேயான தூரம் குவியத்தூரங்களின் கூட்டுத்தொகையாகிய 105 ச.மீ. ஆக இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படுத்தும் பி.வி.சி. குழாயொன்றின் உட்புறத்துக்குக் கறுப்புத் தாள் ஒட்டி இரு நுனிகளிலும் வில்லைகளைப் பொருத்துக. பார்வைத்துண்டை மட்டும் முன்னும் பின்னும் நகர்த்தத்தக்கதாகச் சிறு குழலில் வைக்க வேண்டும். தெளிவான விம்பம் பெறுவதற்கு இது அவசியம்.

மூக்குக் கண்ணாடி வில்லையில் ஒரு குறை உண்டு. அரியத்தில் போலவே வில்லையிலும் வெள்ளொளி நிறப்பிரிக்கை அடைகிறது. நீல ஒளி ஓரிடத்திலும் சிவப்பு ஒளி வேறோரிடத்திலும் குவிவதால் வியாழனைச் சுற்றி நிற வளையம் தோன்றும். 2½ அல்லது 3 ச.மீ. விட்டமுள்ள துளை இட்ட அட்டையைப் பொருள்வில்லையின் முன் வைத்தால் இது பெருமளவு குறையும். ஒளி சற்றுக் குறைந்தாலும் விம்பம் தெளிவாகும். கடையில் விற்கும் தொலைகாட்டிகளில் இருவகைக் கண்ணாடிகளைச் சேர்த்துச் செய்த பொருள்வில்லை இருப்பதால் அவற்றில் இத்தொல்லை குறைவு.

கலிலியோ கலிலி 1610 ஜனவரி 7ஆந் திகதி இரவு வியாழனைப் பார்த்த தொலைகாட்டியின் உருப்பெருக்கமும் ஏறத்தாழ 20 மடங்குதான். அவருடைய பார்வைத்துண்டு குழிவு வில்லை. அதனால் அவருக்கு நிமிர்ந்த விம்பம் தெரிந்தது. ஏனைய விடயங்களில் உங்கள் குழாய் அவருடையதற்குப் பெரிதும் தாழ்ந்ததன்று.

எச்சரிக்கை: எந்தத் தொலைகாட்டியாலும் எந்தச் சந்தர்ப்பத்திலும் சூரியனைப் பார்க்கக் கூடாது. குவிவு வில்லையால் கடதாசியை எரித்திருப்பீர்கள். அதே வெப்பம் கண்ணின் விழித்திரையில் விழுந்தால் கண் நிரந்தரமாகப் பழுதடையும். பகலில் தொலைகாட்டியைச் சிறுவர் கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.

பெட்டியில் அச்சிட்ட எண்

60 மில்லிமீற்றர் பொருள்வில்லையுள்ள சிறிய தொலைகாட்டிகள் சிலவற்றின் பெட்டியில் '525 மடங்கு' என்றெல்லாம் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் காணலாம். அதை நம்பி வாங்குபவர்களே ஏமாற்றமடைகின்றனர். இதற்கான காரணத்தை அறிந்துகொள்வது பரீட்சைக்கும் பணப்பைக்கும் நல்லது.

தொலைகாட்டியின் முதல் வேலை பெருப்பிப்பதன்று, ஒளியைச் சேகரிப்பதாகும். இருளில் நமது கண்மணியின் விட்டம் ஏறத்தாழ 6 மி.மீ. எனக் கொள்வோம். பொருள்வில்லையின் விட்டம் 60 மி.மீ. எனின், பரப்பளவுகளின் விகிதம் விட்டங்களின் விகிதத்தின் வர்க்கம். அதாவது 10 × 10 = 100. கண்ணைவிட 100 மடங்கு ஒளியை அவ்வில்லை சேர்க்கிறது. இந்த அளவு ஒளிதான் நம்மிடமுள்ள முதல். உருப்பெருக்கத்தை இருமடங்காக்கினால் அதே ஒளி நான்கு மடங்கு பரப்பில் பரவ வேண்டியதாகிறது, விம்பம் மங்குகிறது. மேலும், வில்லையின் விட்டம் அனுமதிக்கும் நுணுக்கத்துக்கு மேல் பெருப்பித்தால் கலங்கலே பெரிதாகும். பொருள்வில்லை விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் 2 மடங்கு என்பது நடைமுறை எல்லை. 60 மி.மீ. தொலைகாட்டிக்கு அது 120 மடங்கு. பெட்டியில் உள்ள 525 வெறும் வியாபார எண்.

சரி, எத்தனை மடங்கு தேவை? 2027, 2028இல் நமக்கு அண்மையில் வரும்போது வியாழன் ஏறத்தாழ 45 விகலைக் கோணத்தை அமைக்கும். முழுநிலவு அமைக்கும் கோணம் அரைப் பாகை, அதாவது 1,800 விகலை. 1,800 ÷ 45 = 40. எனவே 40 மடங்கு உருப்பெருக்கத்தில் வியாழன், வெறுங்கண்ணால் காணும் நிலவின் அளவுக்குத் தெரியும்! முதன்முறை பார்ப்பவர் இதனை ஒப்புக்கொள்வதில்லை. "பட்டாணிக் கடலை மாதிரித்தான் இருக்கிறது" என்பார். பக்கத்தில் ஒப்பிட ஒன்றுமில்லாத கருமையில் கண் அளவைக் குறைத்து மதிப்பிடுகிறது. கண் பழகப் பழக, அந்தக் கடலையில் இரண்டு மங்கிய கபிலப் பட்டிகள் மத்தியகோட்டுக்கு இருபுறமும் தெரியத் தொடங்கும். கோளின் இரு முனைவுகளும் சற்றுத் தட்டையாக இருப்பதும் தெரியும். 10 மணித்தியாலத்துக்குள் ஒருமுறை சுழலும் கோள் நடுவில் புடைக்காமல் என்ன செய்யும்?

திருகோணமலையில் ஒரு கொப்பி

வாசலில் வைத்த தொலைகாட்டியால் என்ன சாதிக்கலாம் என்பதற்குச் சிறந்த உதாரணம் நமது நாட்டிலேயே உண்டு. பேர்சி பிரேபுரூக் மோல்ஸ்வேர்த் 1867இல் கொழும்பில் பிறந்தவர். அவருடைய தந்தையார் கில்போர்ட் மோல்ஸ்வேர்த் இலங்கையில் ரயில் பாதை அமைக்கப்பட்ட ஆரம்ப காலத்தில் அதன் தலைமைப் பொறியியலாளராக இருந்தவர். மகன் பிரித்தானிய இராணுவத்தின் பொறியியற் படைப்பிரிவில் அதிகாரியாகித் திருகோணமலையில் கடமையாற்றினார். வானியல் அவருக்குத் தொழிலன்று; பொழுதுபோக்கு. தமது சொந்தத் தொலைகாட்டியால் செவ்வாயையும் வியாழனையும் பார்த்து வரைந்தார். அது 12½ அங்குல, அதாவது ஏறத்தாழ 32 ச.மீ., குழிவாடியைக் கொண்டது. வில்லை முறிவினால் செய்வதைக் குழிவாடி தெறிப்பினால் செய்கிறது. தெறிப்பில் நிறப்பிரிக்கை இல்லையாதலால் பெரிய தொலைகாட்டிகள் யாவும் ஆடியாலேயே செய்யப்படுகின்றன.

1901 பெப்ரவரி 28ஆந் திகதி வியாழனின் தென்பகுதியில், வழக்கமாக வெளிறியிருக்கும் வலயமொன்றில் கருமையான அடையாளம் ஒன்று தோன்றியிருப்பதை அவர் கண்டார். அது பின்னர் நீண்டு விரிந்தது. பெரிய சிவப்புப் பொட்டைவிடச் சற்று வேகமாக நகர்ந்து, அதனைப் பலமுறை முந்திச் சென்றது. ஏறத்தாழ 40 ஆண்டுகள் நீடித்து 1940ஐ அண்டி மறைந்தது. 'தென் அயன வலயக் குழப்பம்' என்ற பொருளில் பெயரிடப்பட்ட இது, வியாழனின் வளிமண்டல ஆய்வில் இன்றும் பேசப்படுவது. மோல்ஸ்வேர்த் 1908இல் திருகோணமலையிலேயே 41ஆவது வயதில் காலமானார். செவ்வாயிலுள்ள குழியொன்றுக்கு இன்று அவருடைய பெயர் வழங்குகிறது.

அக்காலத்தில் இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் இதனிலும் பெரிய தொலைகாட்டிகள் இருந்தனவே. திருகோணமலையில் இருந்தவருக்கு ஏன் வாய்ப்பு அதிகமாயிற்று? இதனை நீங்களே கணிக்கலாம். 1901இல் வியாழன் வான மத்தியகோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 23 பாகையில் இருந்தது. ஓர் இடத்தில் அது அடையும் மிகக்கூடிய உயரக் கோணத்தைப் பெற, அந்த இடத்தின் வட அகலக்கோட்டையும் 23ஐயும் கூட்டி 90இலிருந்து கழிக்க வேண்டும். லண்டனின் அகலக்கோடு 51½ பாகை. 90 − (51½ + 23) = 15½ பாகை மட்டுமே. திருகோணமலையின் அகலக்கோடு 8½ பாகை. அங்கு 58½ பாகை. கோள் தொடுவானத்துக்குக் கிட்ட இருக்கும்போது அதன் ஒளி வளிமண்டலத்தில் நீண்ட தூரம் வரவேண்டும். அந்தத் தூரம் உயரக் கோணத்தின் சைன் பெறுமானத்துக்கு ஏறத்தாழ நேர்மாறு விகிதசமனாகும். அட்டவணையைப் பார்த்தால் லண்டனில் அது உச்சிக்கு நேரே உள்ள தடிப்பின் 3.7 மடங்கு என்றும் திருகோணமலையில் 1.2 மடங்கு என்றும் வரும். காற்றின் கலக்கத்தினூடாகக் கோளைப் பார்ப்பது, ஓடும் தண்ணீரினூடாக அடியிலுள்ள கல்லைப் பார்ப்பதற்கு ஒப்பானது. தண்ணீர் மூன்று மடங்கு ஆழமாயின் கல் எவ்வாறு தெரியும்?

இடம் மட்டுமே காரணம் என்று எண்ணக் கூடாது. அதே வானத்தின் கீழ் எத்தனையோ பேர் உறங்கினார்கள். மோல்ஸ்வேர்த் கடிகாரத்தோடு பார்த்தார். வியாழனின் முகத்தில் ஒரு பொட்டு நடுக்கோட்டைக் கடக்கும் நிமிடத்தைக் குறித்தார். மறுபடியும் அது வரும்போது குறித்தார். இவ்வாறு ஆயிரக்கணக்கான நேரங்களைக் குறித்தார். இந்த முறையின் சிறப்பைப் பின்வரும் கணக்கு காட்டும்.

திங்கட்கிழமை இரவு 8.10 மணிக்குச் சிவப்புப் பொட்டு நடுக்கோட்டைக் கடந்தது எனக் கொள்வோம். புதன்கிழமை இரவு 9.48 மணிக்கு மீண்டும் கடந்தது. இடைக்காலம் 49 மணி 38 நிமிடம், அதாவது 2,978 நிமிடம். இக்காலத்தில் கோள் 5 முறை சுழன்றுள்ளது. 2,978 ÷ 5 = 595.6 நிமிடம். ஒரு சுழற்சிக்கு 9 மணி 55.6 நிமிடம். பொட்டு நடுக்கோட்டுக்கு வந்துவிட்டதா என்று கண்ணால் மதிப்பிடுகையில் 3 நிமிட வழு ஏற்படலாம். 5 சுழற்சிகளுக்குப் பங்கிட்டால் அவ்வழு 0.6 நிமிடமாகும். ஒரு மாதம் காத்திருந்து 72 சுழற்சிகளுக்குப் பின் மீண்டும் நேரத்தைக் குறித்தால் அதே 3 நிமிட வழு, ஒரு சுழற்சிக்கு 2½ செக்கன் மட்டுமே!

எளிய ஊசலின் ஆவர்த்தன காலத்தைக் காண ஓர் அலைவை அளக்காமல் 20 அலைவுகளை அளந்து 20ஆல் வகுப்பது ஏன் என்ற வினாவுக்குப் பல மாணவர் 'துல்லியத்துக்காக' என்று மட்டும் எழுதிவிட்டுப் புள்ளியை இழக்கின்றனர். தொடக்கத்திலும் முடிவிலும் நிகழும் வழு மாறாதிருக்க, அது அதிக எண்ணிக்கையான அலைவுகளுக்குப் பங்கிடப்படுகிறது என்பதே விடை. கருவியின் விலையால் வராத திருத்தம் பொறுமையால் வருகிறது. திருகோணமலைக் கொப்பியும் உங்கள் ஊசல் பரிசோதனையும் ஒரே தத்துவத்தில் அமைந்தவை.

பூனாகலையின் வானம்

பூனாகலையின் அகலக்கோடு ஏறத்தாழ 6.8 பாகை வடக்கு. 2027 பெப்ரவரியில் வியாழன் வான மத்தியகோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 15 பாகையில் இருக்கும். வித்தியாசம் 8 பாகைதான். ஆகவே நள்ளிரவில் அது உச்சிக்கு 8 பாகை அருகே, 82 பாகை உயரத்தில் நிற்கும். கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீற்றருக்கு மேலுள்ள இடமாதலால் அடர்த்தி கூடிய வளியின் ஒரு பகுதி நமக்குக் கீழே போய்விடுகிறது. இது பெரிய நகரங்களில் உள்ளவர்களுக்கு இல்லாத வசதி. நகரத்து விளக்கொளி கோள்களைப் பார்ப்பதற்கு அவ்வளவு இடைஞ்சலன்று; கலங்காத காற்றே முக்கியம்.

காலத்தையும் பார்க்க வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று மழையால் ஊவாவின் இரவுகள் பெரும்பாலும் மூடியே கிடக்கும். 2026 ஜனவரியில் அமைந்த நிலை இந்த மாரிக்குள் வந்தது. 2027 பெப்ரவரியும் 2028 மார்ச்சும் மழை சற்று ஓயும் காலத்தில் வருகின்றன. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வானம் தெளிவு. ஊவாத் தேயிலைக்குப் பேர்பெற்ற மணத்தைக் கொடுப்பது அக்காலத்தின் வறண்ட குளிர்காற்றுதான். ஆனால் கொழுந்துக்கு நல்லதாகிய கச்சான் காற்று தொலைகாட்டிக்கு நல்லதன்று. விண்மீன்கள் பளிச்சென்று மினுங்கும் காற்றடிக்கும் இரவில் வியாழனைப் பார்த்தால் அது கொதிக்கும் எண்ணெயில் விழுந்த அப்பளம் போல நெளியும். மாறாக, இலேசான மூட்டத்தோடு காற்று அசையாத இரவில் பட்டிகள் கோடு கிழித்தாற்போலத் தெரிவதுண்டு. தெளிந்த வானமும் அமைதியான வளியும் ஒன்றல்ல.

வாசலில் எங்கே நிற்பது என்பதிலும் கவனம் தேவை. லயத்தின் கூரைக்கு மேலாகப் பார்க்காதீர்கள். இரவுச் சமையலின் புகையும் சூடான வளியும் அங்கே எழுந்துகொண்டிருக்கும். காம்பராவுக்குள்ளிருந்து தொலைகாட்டியை எடுத்துவந்தவுடன் பார்க்காமல், குழாயும் வில்லையும் வெளிக்குளிருக்கு வரும்வரை அரை மணித்தியாலம் விடுக. மலைநாட்டில் வில்லையில் பனி படியும். பொருள்வில்லைக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்புக் கடதாசிக் குழல் சுற்றிவிட்டால் அது தாமதமாகும். படிந்த பனியைச் சேலைத் தலைப்பால் துடைக்க வேண்டாம், கீறல் விழும். எல்லாவற்றுக்கும் மேலாகக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு பார்க்க முடியாது. 20 மடங்கு பெருப்பிக்கும் கருவி கை நடுக்கத்தையும் 20 மடங்கு பெருப்பிக்கும். நிலத்தில் நட்ட இரண்டு கம்புகளை மேலே குறுக்காகக் கட்டி அந்தக் கவட்டில் குழாயைச் சாய்த்து வைக்கலாம். அது ஆயிரக்கணக்கான ரூபா பெறும் ஆடும் முக்காலியைவிட மேலானது. வியாழன் உச்சியில் நிற்கும்போது கழுத்து வலிக்கும். கிழக்கே 50, 60 பாகை உயரத்தில் இருக்கும்போதே பார்த்துக்கொள்வது புத்தி.

நான்கு புள்ளிகள்

சிவப்புப் பொட்டைக் காண்பதற்கு உங்கள் சிறிய தொலைகாட்டி போதாமற் போகலாம். ஆனால் 20 மடங்கு போதுமான வேறொன்று உண்டு. வியாழனுக்கு இருபுறமும், ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில், சிறிய ஒளிப்புள்ளிகள் தெரியும். அவை அதன் நான்கு பெரிய உபகோள்கள்: அயோ, யூரோப்பா, கனிமீட், கலிஸ்டோ. கலிலியோ முதல் இரவில் மூன்றையே கண்டு விண்மீன்கள் என்று எண்ணினார். அடுத்தடுத்த இரவுகளில் அவை இடம் மாறின. ஜனவரி 13ஆந் திகதி நான்காவதும் தெரிந்தது. வியாழனை விட்டு நீங்காமல் அதனைச் சுற்றுகின்ற பொருள்கள் அவை என்று அவர் முடிவு செய்தார். வானத்திலுள்ள எல்லாம் பூமியையே சுற்றுகின்றன என்ற கொள்கைக்கு விழுந்த பலமான அடி அது.

அயோவின் சுற்றுக் காலம் 1.77 நாள்; யூரோப்பாவுக்கு 3.55, கனிமீட்டுக்கு 7.15, கலிஸ்டோவுக்கு 16.7 நாள்கள். டென்மார்க் நாட்டவரான ஓலே ரோமர் பாரிஸ் நகரில் அயோ வியாழனின் நிழலில் மறையும் நேரங்களை ஆராய்ந்தார். பூமி வியாழனை நெருங்கும் மாதங்களில் மறைவுகள் முந்தியும் விலகும் மாதங்களில் பிந்தியும் நிகழ்ந்தன. ஒளி பூமியின் ஒழுக்கின் விட்டத்தைக் கடக்க நேரம் எடுப்பதே காரணம் என்று 1676இல் அவர் கூறினார். அந்நேரம் 22 நிமிடம் என்பது அவர் மதிப்பீடு. விட்டம் 30 கோடி கிலோமீற்றர், ஒளியின் வேகம் செக்கனுக்கு 3 இலட்சம் கிலோமீற்றர் என்று வகுத்துப் பாருங்கள்: 1,000 செக்கன், அதாவது 16 நிமிடம் 40 செக்கன். ஒளிக்கு வேகம் உண்டு என்பதைக் காட்டிய முதற் சான்று ஒரு கோளின் நிலாவிலிருந்து கிடைத்தது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், இரவு 8.00 மணி என்று வைத்துக்கொள்வோம், வியாழனை ஒரு சிறு வட்டமாக வரைக. புள்ளிகளை அவற்றின் தூரத்துக்கேற்பக் குறிக்க. தூரத்தை அளக்க அளவுகோல் எதுவும் வேண்டாம். வியாழனின் விட்டமே அலகு. 'மூன்று விட்டம் தள்ளி' என்று மதிப்பிட்டால் போதும். கொப்பியில் திகதி, நேரம், காற்றின் நிலை ஆகியவற்றை எழுதுக. மேகம் மூடிய நாளில் 'மேகம்' என்று எழுதுக. ஊகித்து ஒரு புள்ளியை வைக்காதீர்கள். நான்கில் மிகப் பிரகாசமானது கனிமீட். ஆகவே அதனைப் பின்தொடர்வது சுலபம்.

பயிற்சி

ஒரு மாணவி எட்டு இரவுகள் தொடர்ந்து கனிமீட்டை அவதானித்தாள் எனக் கொள்க. கிழக்குப் பக்கத் தூரத்தை நேராகவும் மேற்குப் பக்கத் தூரத்தை மறையாகவும் எடுத்து, வியாழனின் விட்டத்தை அலகாகக் கொண்டு அவள் பெற்ற பெறுமானங்கள் முறையே 7.5, 4.8, −1.4, −6.6, −7.0, −2.3, 4.0, 7.4 ஆகும்.

இரவுகளை 0 முதல் 7 வரை கிடையச்சிலும் தூரத்தை நிலைக்குத்தச்சிலும் எடுத்து வரைபு வரைக. புள்ளிகளை அளவுகோலால் இணைக்காமல் ஒப்பமான வளையியால் இணைக்க. (i) கனிமீட்டின் சுற்றுக் காலம் யாது? (ii) வியாழனின் மையத்திலிருந்து அதன் தூரத்தைக் கிலோமீற்றரில் காண்க. (iii) வட்டமாகச் சுற்றும் பொருள் நமக்கு முன்னும் பின்னும் ஆடுவதுபோலத் தோன்றுவது ஏன்? (iv) வேறொரு நாளில் மூன்று புள்ளிகளே தெரிந்தன. நான்காவது எங்கே?

விடைக் குறிப்பு: (i) வளையி மீண்டும் உச்சத்தை அடைவது 7ஆம் நாளுக்குச் சற்றுப் பின்னர், ஆகவே 7 நாளுக்குச் சற்றுக் கூட. (ii) உச்சப் பெறுமானம் 7.5 விட்டம். 7.5 × 143,000 = 1,072,500 கிலோமீற்றர். ஏற்றுக்கொள்ளப்பட்ட பெறுமானம் ஏறத்தாழ 1,070,000. (iii) ஒழுக்கின் தளத்தை நாம் ஏறத்தாழ அதன் விளிம்பின் பக்கமாகவே பார்க்கிறோம். (iv) வியாழனுக்கு முன்னாலோ பின்னாலோ அதன் நிழலுக்குள்ளோ இருக்கலாம். ஒரு சில மணித்தியாலம் கழித்து மீண்டும் பார்த்தால் பெரும்பாலும் வெளியே வந்திருக்கும்.

கணிதத்தில் விருப்பமுள்ளவர் மேலும் ஒரு படி போகலாம். இதே முறையில் அயோவின் உச்சத் தூரம் 2.95 விட்டம் எனக் கிடைக்கும். சுற்றுக் காலத்தின் வர்க்கத்தைத் தூரத்தின் கனத்தால் வகுத்துப் பார்க்க: அயோவுக்கு 1.77² ÷ 2.95³, கனிமீட்டுக்கு 7.15² ÷ 7.5³. இரண்டும் 0.12 எனவே வரும். இது கெப்ளரின் மூன்றாம் விதி; உங்கள் பாடத்திட்டத்துக்கு அப்பாற்பட்டது. யூரோப்பாவுக்கும் அதே எண் வருகிறதா என்பதை உங்கள் கொப்பியிலிருந்தே பார்த்துக்கொள்க.